ஈரச்சுவர் மீனும் எண்ணெய் மீனும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்த வருடம் நடந்ததற்கெல்லாம் என் கோபத்தை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. என் அக்கா பெர்பெத்துவாவின் கைக்கும், அவள் புருஷன் நிக்கானோரின் வாய்க்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

என் பெயர் தோமித்திலா. சுவரில் படம் எழுதுவது என் வேலை. மெஸ்கால் சாராயக் கடை முகப்பில் கற்றாழை, ரொட்டிக்கடையில் கோதுமைக் கதிர், கசாப்புக் கடையில் சிரிக்கிற பன்றி என்று முப்பது வருடமாக எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அதில் ஒன்றுகூட இல்லை. படம் கெட்டுப்போனதால் இல்லை. கடைக்காரன் மாறுவான், சுவரை இடிப்பான், மகளுக்குக் கல்யாணம் என்று ரோஜா நிறம் அடிப்பான். ஐம்பத்தாறு வயதில், இது நான் எழுதியது என்று விரல் நீட்டிக் காட்ட இந்த ஊரில் எனக்கு ஒரு சாண் சுவர் கிடையாது.

நிலநடுக்கத்தில் விழுந்த சான் ரஃபாயேல் கோயிலின் முன்சுவரை ஊர் சேர்ந்து எழுப்பி முடித்தபோது, அதில் சிறகுள்ள வானதூதரான அந்தப் புனிதரையும் அவர் கையில் தொங்கும் மீனையும் எழுத வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்கு அந்தச் சுவர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியது என்பது சின்ன வார்த்தை. சோறு இறங்கவில்லை. கோயில் சுவரை எவனும் ரோஜா நிறம் அடிக்க மாட்டான்.

நிக்கானோருக்கும் அது வேண்டும். அதில்தான் வம்பு. அவரும் படம் எழுதுகிறவர், ஆனால் வேறு முறை. சுவர் நன்றாகக் காய வேண்டும் அவருக்கு. காய்ந்த சுவரில் சியா விதை எண்ணெயைக் காய்ச்சித் தடவி, அதே எண்ணெயில் நிறத்தைக் குழைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து மினுமினுவென்று எழுதுவார். நான் ஈரத்தில் எழுதுகிறவள். காலையில் புதுச் சுண்ணாம்புக் காரை பூசி, அது இறுகுவதற்குள் தண்ணீரில் கரைத்த மண் நிறங்களை வைத்துவிட வேண்டும். சுண்ணாம்பு காயும்போது நிறத்தைத் தனக்குள் இழுத்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு படம் வேறு, சுவர் வேறு என்று பிரிக்க முடியாது.

"ஈரத்துல எழுதுறதாம்! அவசரத்துல எழுதுறதுன்னு சொல்லு," என்றார் நிக்கானோர், கூட்டத்தில் எல்லார் முன்னாலும். "காரை காயறதுக்குள்ள முடிக்கணும். தப்பு வந்தா கொத்தித்தான் எடுக்கணும். நீ படம் எழுதுறியா, பஸ்ஸு பிடிக்கிறியா கொழுந்தியா?"

"நீங்க எழுதுறது சுவருக்குச் சட்டை மச்சான். நான் எழுதுறது தோலு. சட்டை ஒரு நாள் கிழியும்."

"தோலுக்குச் சுருக்கம் விழுமே. வீட்டுல கண்ணாடி இல்லையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் அக்காவும் சிரித்தாள், அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் எழுந்து நின்று என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஊர்த் தலைவர் கிரசென்சியோ கையைத் தட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் வாயால எழுதினது போதும். துவைக்கிற கொட்டகை சுவர் இருக்குல்ல? தண்ணியும் அடிக்கும், வெயிலும் அடிக்கும். ஆளுக்கு ஒரு முழச் சதுரம். ரெண்டு பேரும் ஒரே மீனை எழுதுங்க. ஒரு வருஷம் நிக்கட்டும். அடுத்த வருஷம் இறந்தோர் திருநாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை ஊர் வந்து பாக்கும். எந்த மீன் நல்லா நிக்குதோ, அவங்களுக்குச் சுவர்."

"ஒரு நிபந்தனை," என்றேன் நான். "எழுதி முடிச்சப்புறம் ஊர் பாக்குற வரைக்கும் யாரும் சதுரத்தைத் தொடக்கூடாது. தொட்டவங்க தோத்தவங்க." எண்ணெய்க்காரர்கள் போகிறபோக்கில் ஒரு தடவல் தடவிப் பழுதை மறைத்துவிடுவார்கள். மச்சானை எனக்குத் தெரியாதா? எல்லாரும் சரி என்றார்கள். நான் ஏதோ பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரே காலையில் என் மீன் முடிந்தது. உடம்புக்குச் செம்மண், வயிற்றுக்கு மஞ்சள் மண், முதுகுக்கு அவுரியை வெள்ளைக் களிமண்ணோடு வேகவைத்தெடுத்த நீலம். நிக்கானோர் நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். கள்ளிப்பூச்சியை அரைத்து எடுக்கும் அந்தச் சிவப்பு இருக்கிறதே, அது சுண்ணாம்பில் நிற்காது. எண்ணெயில்தான் எழுத முடியும். அவர் மீன் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி பளபளத்தது. என் மீனோ காயக் காய வெளிறி, பக்கத்தில் ஏழைச் சொந்தம் மாதிரி நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லவில்லை.

அந்த வருடம் துணி துவைக்க வந்தவர்கள் எல்லாரும் நீதிபதிகள் ஆகிவிட்டார்கள். நானும் துவைத்த துணியையே மறுபடி தூக்கிக்கொண்டு போய்த் துவைத்தேன், பார்ப்பதற்காக. ஏப்ரல் வெயிலில் அவர் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிய ஆரம்பித்தது. ஜூனில் மழை பிடித்தபோது சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழி தேடியது. என் பூச்சு மூச்சு விடும். அவர் எண்ணெய் விடாது. அடிவயிற்றுப் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பியது. என் மீன் மட்டும் மாதத்துக்கு மாதம் தெளிந்துகொண்டே வந்தது.  நான் பாட்டுப் பாடிக்கொண்டு துவைத்தேன்.

ஜூலை கூட்டத்தில் திருவிழாப் பொறுப்புகளைப் பிரித்தார்கள். எங்கள் ஊரில் பொறுப்பு என்று பெயர் வந்துவிட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் ஒரு நாள் ஊர்ச் சிறையில் உட்கார வேண்டும். எனக்குச் சுண்ணாம்பு வந்தது. அக்டோபரில் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஊரையே வெள்ளை அடிப்பார்கள். சுவர், படி, மரத்தின் கால், மாட்டுத் தொட்டி, வழியில் கிடக்கும் கல், எதையும் விடமாட்டார்கள். அதற்கான சுண்ணாம்பை நான் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

"போன வருஷம் திருவிழாவுல ஆடிட்டு சுவர்ல சாஞ்சவங்க முதுகெல்லாம் வெள்ளை," என்று நிக்கானோர் ஆரம்பித்தார். "இந்த வருஷம் என் கொழுந்தியா சுண்ணாம்பு. சுவர்ல பாதி, சட்டையில பாதி."

சும்மா இருந்திருக்கலாம் நான். இருந்தேனா? மூன்று வருடம் குழியில் கிடந்து வெண்ணெய் மாதிரி ஆன என் சொந்தச் சுண்ணாம்பை எடுத்தேன். இரண்டு வண்டி சப்பாத்திக்கள்ளி மட்டையை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தக் கொழகொழப்பை வடித்து, உப்புச் சேர்த்து, துணியில் மூன்று முறை சலித்துக் கலந்தேன். இந்த ஊர் பார்த்த சுண்ணாம்பிலேயே அதுதான் உயர்ந்தது. பிடித்தால் பிடித்ததுதான், விடாது.

வெள்ளை அடிக்கும் நாள் நான் ஊர்க்கோடியில் அண்டாக்களுக்கு நடுவே முழங்கை வரை வெள்ளையாக நின்று கலக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிர நேரமில்லை. சாயங்காலம் அக்கா வந்தாள். கையில் வெள்ளை அடிக்கும் கற்றாழை நார் மட்டை. முகத்தில் ஈயாடவில்லை.

"தோமி, கோபப்படாத."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"துவைக்கிற கொட்டகை... எப்பவும் அடிக்கிற சுவருதானேடி. மட்டை கையில வந்துட்டா எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல. கை போயிடுச்சு."

"என் மீனையா?"

"அவரோடதையும் சேத்துத்தான்," என்றாள், அது ஏதோ எனக்கு ஆறுதல் மாதிரி.

ஓடினேன். காலை வெயிலில் அடித்தது, ஈரமாக இருந்தாலாவது தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கலாம். அப்போதே கல்லாக இறுகியிருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு இல்லாமல், ஒரு கோடு இல்லாமல், அவ்வளவு அழகான வெள்ளை. என் கையால் செய்தது. அந்தச் சுவரடியில் உட்கார்ந்து நான் அழுதேன். சுரண்டலாம் என்றால் தொடக்கூடாது என்ற நிபந்தனை. அதுவும் நான் போட்டது.

மூன்றாம் நாள் ஒரு மழை வந்தது. நிக்கானோரின் எண்ணெயில் சுண்ணாம்பு ஒட்டவே இல்லை. சேம்பு இலையில் விட்ட தண்ணீர் மாதிரி செதில் செதிலாக உதிர்ந்து ஓடிவிட்டது. அவர் மீன் குளித்து எழுந்து வந்து நின்றது. சுண்ணாம்பு சுண்ணாம்பை விடுமா? என் மீன் உள்ளேயே இருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு ஊர் முழுக்கக் கொட்டகையில் கூடியது. வறுத்த கடலையும் மிச்சமிருந்த திருநாள் ரொட்டியும் கையில் வைத்துக்கொண்டு, குதிரைப் பந்தயம் பார்க்க வந்த மாதிரி வந்திருந்தார்கள். கிரசென்சியோ சுவருக்கு முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"ஒரு பக்கம் மீன் இருக்கு," என்றார். "இன்னொரு பக்கம் ஆறு இருக்கு போல. மீன் உள்ள நீந்துது."

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.  "தலைவரே, இப்ப ஊர் பாத்தாச்சு. நிபந்தனை முடிஞ்சுது. சுரண்ட விடுங்க."

"சுரண்டு."

எலும்புக் கத்தியை எடுத்தேன். என் சுண்ணாம்பு என்னையே பழி வாங்கியது. கால் மணி நேரத்தில் கட்டைவிரல் அகலம் வந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பின்னால் கடலைத் தோல் உடைக்கும் சத்தம். அவசரத்தில் அழுத்திவிட்டேன், கத்தி கிறீச்சென்றது.

"மெல்ல! மெல்ல! செதிலு போயிடும்!" என்று ஒரு சத்தம். நிக்கானோர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துவிட்டார். "இப்படியா பிடிப்பாங்க கத்திய? படுக்க வச்சுப் பிடி. தண்ணி தொட்டுக்கோ. குடு இங்க." துவைகல்லில் கிடந்த கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். நான் சுரண்ட, அவர் நனைக்க, ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்கள் குடும்பத்திலேயே முதல் தடவை.

வால் வந்தது. பிறகு பாதி வயிறு. பிறகு முதுகின் நீலம். கூட்டத்தில் கடலைச் சத்தம் நின்றுவிட்டது. செம்மண் சிவப்பு ஒரு வருடம் முன்னால் நான் தூரிகையை எடுத்தபோது எப்படி இருந்ததோ அதைவிட ஆழமாக இருந்தது. ஒரு இடத்தில்தான் என் கத்திக் கீறல். கிரசென்சியோ குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம் நிக்கானோரின் மீனிடம் போனார். அதன் சிவப்பு வெளுத்து, பல் விழுந்தவர் ஈறு நிறத்துக்கு வந்திருந்தது. அடிவயிற்றில் ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். பொட்டென்று உடைந்து தோலாகக் கழன்றது. நிக்கானோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ படவில்லை.

"நிக்கானோர், உன்னோடது எத்தனை வருஷம் வரும்?"

"பத்து," என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நான் கை வைக்கணும்," என்று சேர்த்தார். அந்த ஆளுக்கு வாய் உண்டு, பொய் கிடையாது.

"தோமித்திலா, உன்னோடது?"

"வெயிலுக்கு நிக்கும். மழைக்கு நிக்கும். எனக்கு அப்புறமும் நிக்கும். எங்க அக்காவுக்குத்தான் நிக்காது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பேச்சு அங்கேதான் சிக்கியது. கோயில் சுவரை மட்டும் இனி வெள்ளை அடிக்க மாட்டோம் என்று ஊர் சத்தியம் பண்ண முடியுமா என்று கிரசென்சியோ கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா எழுந்தாள்.

"நான் கோயில் பேர்ல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். எங்க அம்மா அடிச்ச இடம், நான் அம்பது வருஷமா அடிக்கிற இடம். மட்டை கையில இருந்தா கை அங்கதான் போகும். இந்தத் தடவையும் தெரிஞ்சா அடிச்சேன்?"

"அப்ப எண்ணெயே எழுதிடலாம்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "நாம அடிச்சாலும் மழைல போயிடும். பத்து வருஷம் போதாதா?"

"அதானே," என்று நாலைந்து குரல்.

 என் படம் நன்றாக இல்லை என்று சொல்லித் தோற்கடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நன்றாக இருக்கிறது, எங்களை நம்பித்தான் தர முடியாது என்கிறார்கள். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது? கத்தியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"அக்காவுக்கு நிக்காது," என்று கிரசென்சியோ தனக்குள் சொல்லிப் பார்த்தார். "சரி. அக்காவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் நின்னா?"

யாருக்கும் புரியவில்லை.

"பொறுப்பா போடுவோம்யா. சுண்ணாம்புக்கு ஒரு பொறுப்பு, பட்டாசுக்கு ஒரு பொறுப்பு, மெழுகுவர்த்திக்கு ஒரு பொறுப்பு இல்லையா? சுவர்க்காவலுக்கு ஒண்ணு. வெள்ளை அடிக்கிற அன்னைக்கு விடியறதுலேர்ந்து அடையற வரைக்கும் படத்துக்கு முன்னாடி நிக்கணும். ஒரு மட்டை படத்து மேல படக்கூடாது. யாரைப் போடலாம்?"

ஒரு நொடிதான். ஊர் முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. தண்ணீர்க் கிண்ணத்தோடு இன்னும் குந்தியிருந்த என் மச்சான் பக்கம்.

"நானா? என் கொழுந்தியா படத்துக்கு நான் காவலா? எனக்கு என்ன தலையெழுத்து!"

"ஊர்ச் சிறை காலியாத்தான் இருக்கு நிக்கானோர்."

"இவளைத் தடுக்க நிக்கானோரைவிட யாருய்யா பொருத்தம்?" என்று அக்காவைக் காட்டினார் ஒருவர். "வீட்டுலயே இவளைச் சமாளிக்கிற ஆளு."

கைகள் உயர்ந்தன. நான் எண்ணவில்லை, எண்ணத் தேவையில்லாத அளவுக்கு உயர்ந்தன. சுவர் எனக்கு, காவல் அவருக்கு. நிக்கானோர் கையைத் தூக்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீரை என் மீன் மேல் மெதுவாக ஊற்றி, தூசியைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

மழை இல்லாத ஜனவரியில் தொடங்கி இருபத்திரண்டு காலைகளில் எழுதி முடித்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுதான் பூச்சு. ஒரு நாள் சிறகு, ஒரு நாள் முகம், கடைசி நாள் மீன். மச்சான் தினமும் வந்து குறை சொன்னார். இடது கால் குட்டை என்றார். அளந்து பார்த்தேன், குட்டைதான். கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசி எழுதினேன். அந்த இருபத்திரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், வேறு வார்த்தை தேடத் தேவையில்லை.

அக்டோபர் வந்தது. வெள்ளை அடிக்கும் நாள் விடியும் முன்பே நிக்கானோர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, பொறுப்புக்காரர்களின் ரிப்பன் கட்டிய கோலோடு சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அக்காவுக்கு அவர் அதைப் பற்றி ஒரு மாதமாகப் பாடம் எடுத்திருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். பத்து மணிக்கு இருபது பெண்கள் பாட்டும் சிரிப்புமாகத் தெருவை வெளுத்துக்கொண்டே வந்தார்கள். முன்னால் பெர்பெத்துவா. படியை அடித்தாள், தூணை அடித்தாள், திரும்பினாள், கை போய்விட்டது.

"அடியே, நான்டி! நிக்கானோருடி!"

"தெரியுது, தள்ளுங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் மார்பில் ஒன்று, தோளில் ஒன்று இழுத்தாள். அவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, கைகளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு உறைத்து மட்டையைக் கீழே போடுவதற்குள் என் மச்சான் கழுத்திலிருந்து முட்டி வரை வெள்ளை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். படத்தில் ஒரு துளி இல்லை. நான் மூக்கு சுவரில் முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒரு துளி இல்லை.

எலுமிச்சம்பழமும் ஈரத்துணியும் கொண்டுபோய், "வாங்க மச்சான், வீட்டுல போய்க் குளிச்சிட்டு வாங்க. சுண்ணாம்பு அரிக்கும்," என்றேன்.

"பொழுது அடையட்டும். இவளுக ரெண்டாம் கை அடிக்க வருவாளுக."

கை இரண்டும் விரித்தபடியே நின்றார். துடைத்துக்கொள்ளக்கூடக் கையை இறக்க மனசில்லை அவருக்கு. மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோயிருந்த, மக்காச்சோள மாவை இலையில் சுற்றி அவித்த டமாலேயைப் பிரித்து நானே துண்டு துண்டாக வாயில் ஊட்டினேன். தின்றுகொண்டே இடது சிறகின் நிழல் சரியில்லை என்றார். அப்போது கிரசென்சியோ மேற்பார்வைக்கு வந்தார். ஆளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"இந்த வருஷத்தோட உன் பொறுப்பு முடியுது நிக்கானோர். அடுத்த ஜூலைக் கூட்டத்துல வேற ஆளைப் போட்டுடலாம்."

நிக்கானோர் ஊட்டியதை விழுங்கினார். விரித்த கையை இறக்கவில்லை.

"வேற எவன் பேரையாவது போட்டுப் பாருங்க," என்றார். "நான் அன்னைக்கே சிறையில போய் உக்காந்துக்குவேன்."

எங்கள் ஊரில் பொறுப்பு வேண்டாமென்று சிறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நான் இன்னொரு துண்டைப் பிட்டு அவர் வாயில் வைத்தேன்.